எனக்குக் கால் சில்லிட்ட ஞாயிறு

1

போன பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் நான் செத்துப்போனேன். சாயங்காலம் ஐந்தரை மணிக்குச் செத்து, ஒன்பது மணிக்குப் பிழைத்துக்கொண்டேன். அந்த மூன்றரை மணி நேரத்தில் பெரும்பாலும் நான் இங்கே இங்கிலாந்தில், யார்க்‌ஷயர் பக்கத்து மேட்டு ஊர் ஒன்றில், சின்னச் சிவப்புக் காரில் உட்கார்ந்து, தெருவோரம் நிற்கும் இரண்டு வண்டிகளுக்கு நடுவே பின்பக்கமாகக் காரைச் சொருகிப் பழகிக்கொண்டிருந்தேன். நான் செத்த விஷயம் எனக்குத்தான் கடைசியாகத் தெரிந்தது.

எங்கள் மலையில் இப்போது இதை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்களாம். நான் ஐ.சி.யூ.வில் எழுந்து உட்கார்ந்து டீ கேட்டதாகக்கூட ஒரு கதை ஓடுகிறது. அதனால் நடந்ததை நானே எழுதிவிடுவது நல்லது. இத்தனைக்கும் காரணம் ஒரே ஒரு ஆங்கில வார்த்தை: ஃபுட். சாப்பிடுகிற ஃபுட் என்று நினைக்காதீர்கள். நடக்கிற ஃபுட்.

2

என் பெயர் கோவிந்தன். புதூர்நாட்டில் பதினொரு வருடம் ஜீப் ஓட்டினேன். திருப்பத்தூரிலிருந்து மலை ஏறும் பாதையில் எத்தனை வளைவு, எந்த வளைவில் எந்தக் கல் பெயர்ந்திருக்கும் என்பதெல்லாம் எனக்குத் தூக்கத்திலும் தெரியும். உள்ளே பன்னிரண்டு பேர், பின்னால் தொங்கிக்கொண்டு ஆறு பேர், மேலே பலாப்பழம், சாமை மூட்டை, சில நாள் ஆடு. ஒருநாளும் யாருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை.

மனைவி சரளா வேலூரில் நர்ஸ் படித்தவள். எட்டு வருடத்துக்கு முன் அவளுக்கு இங்கே ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. அவள் பின்னால் நானும், ஐந்து வயது மகள் இலக்கியாவும் விமானம் ஏறினோம். இங்கே பள்ளிக்கூடத்தில் இலக்கியா என்று சொல்ல வராமல் லக்கி என்று கூப்பிட்டார்கள். இரண்டே வாரத்தில் வீட்டிலும் லக்கி ஆகிவிட்டாள். எனக்கு ஒரு ரொட்டி ஆலையில், விடிவதற்கு முன்னால் வேன்களில் தட்டு ஏற்றுகிற வேலை.

ஊரில் அண்ணன் இருக்கிறார். பெயர் வெள்ளையன். வெள்ளையன் என்ற பெயர் அவருக்கு, வெள்ளைக்காரர்களோடு குடித்தனம் எனக்கு என்று நான் ஒருமுறை சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. அவர் சுலபத்தில் சிரிக்கிறவர் இல்லை. கோபமும் அப்படித்தான், சுலபத்தில் வராது. வந்துவிட்டால் போகாது.

நான்கு வருடத்துக்கு முன்னால் அப்பா இறந்தார். அப்போது எங்கள் விசா நீட்டிப்பு விண்ணப்பம் அலுவலகத்தில் கிடந்தது. பதில் வருவதற்குள் நாட்டைவிட்டு வெளியே போனால் விண்ணப்பம் தானாக ரத்தாகிவிடும் என்பது இங்கத்திய சட்டம். போனில் கெஞ்சினேன். மறுமுனையில் இருந்த பெண் மிகவும் அன்பாக, வருத்தம் தெரிவித்து, முடியாது என்றாள். அப்பாவைக் காட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனதைத் தங்கவேல் பிடித்த வீடியோவில்தான் பார்த்தேன். தங்கவேல் என் கூட்டாளி, இன்றும் மலையில் ஜீப் ஓட்டுகிறவன். அந்த வீடியோவும் பாதியில் நின்றுவிட்டது.

“காடு வரைக்கும் வராதவன்கிட்ட எனக்கு இன்னா பேச்சு” என்றார் அண்ணன். அன்றோடு என்னிடம் பேசுவதை நிறுத்தினார்.

அடுத்த வருடம் விசா வந்து, ஊருக்குப் போனேன். பதினைந்து நாள் அவர் வீட்டில்தான் இருந்தேன். கோழி அடித்துப் போட்டார், வெந்நீர் காயவைத்தார், எனக்கென்று தேன் எடுத்து வந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பாட்டு நேரத்தில் வாசலில் கட்டியிருக்கும் ஆட்டைப் பார்த்து, “சோறு ஆறுது, வந்து துன்ன சொல்லு” என்பார். நானும் ஆட்டைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போய் உட்காருவேன்.

ஆனால் லக்கி என்றால் அவருக்கு உயிர். ஞாயிறுதோறும் இங்கே பன்னிரண்டு மணிக்கு அவள்தான் அவருக்குப் போன் செய்ய வேண்டும். அவர் வீட்டில் நெட் சரியாக எடுக்காது என்பதால் சாதாரண அழைப்பு. ஒரே நிபந்தனை: “என்கிட்ட பேசறப்ப இங்கிலீஷ் கலக்கக் கூடாது பாப்பா.” நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். “அவன் இருக்கானா?” என்று கேட்பார். “இருக்காரு பெரியப்பா” என்பாள். “சரி” என்பார். நான்கு வருடமாக அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை அவ்வளவுதான். அவள் ஆங்கிலத்தில் நினைத்து, தமிழில் பெயர்த்து, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைப்பாள். கேட்க எனக்குப் பெருமையாக இருக்கும். அந்தப் பெருமைதான் என்னைக் கொன்றது.

3

நம்மிடம் இடுப்பிலிருந்து விரல்நுனிவரை எல்லாம் கால்தான். இங்கே அதைக் கணுக்காலில் வெட்டி இரண்டாக்கியிருக்கிறார்கள். மேலே லெக், கீழே ஃபுட். வந்த புதிதில் குதிகால் வலிக்கிறது என்று டாக்டரிடம் போய், லெக்கில் வலி என்றேன். எந்த லெக் என்றார். வலது என்றேன். மரியாதையாக என் வலது முழங்காலைப் படம் பிடித்து, அது மிக ஆரோக்கியமாக இருக்கிறது என்று கடிதம் அனுப்பினார்கள். இன்னும் வைத்திருக்கிறேன்.

அதன் பிறகு ஃபுட் என்ற சொல்லை உற்றுக் கவனிக்க ஆரம்பித்தேன். அது எங்கும் இருந்தது. ஆலையில் முதல் நாள் மேஸ்திரியோடு சண்டை வந்தபோது, நான் தப்பான ஃபுட்டில் தொடங்கிவிட்டேன் என்றார்கள். குனிந்து பார்த்தேன், இரண்டு பூட்ஸும் சரியாகத்தான் இருந்தன. வேலை பழகியதும், என் ஃபுட்டைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று முதுகில் தட்டினார்கள். ஒருத்தியிடம், எப்போது பிரசவம் என்று கேட்டேன்; அவள் கர்ப்பமாக இல்லை. உடனே இன்னொருவன், நீ உன் ஃபுட்டை அதற்குள் விட்டுவிட்டாய் என்றான். எதற்குள் என்று அவன் சொல்லவில்லை.

நம்மூரிலும் இப்படித்தான் என்று லக்கிக்குச் சொல்வேன். காலை வாருவது, காலைப் பிடிப்பது, ஒற்றைக்காலில் நிற்பது, கல்யாணம் என்றால் கால்கட்டு. “அப்பா, அது எல்லாம் மேக் சென்ஸ் ஆகுது. இவங்களோடது ஆகல” என்பாள். பிறகு நோட்டை எடுத்து எழுதி வைத்துக்கொள்வாள். ஒரு பக்கம் அவர்களுடையது, ஒரு பக்கம் நம்முடையது.

4

ஆலையில் வேன் ஓட்டுகிறவர் ஓய்வு பெறப்போகிறார், நீ ஓட்டுவாயா என்று கேட்டார்கள். நான் ஓட்டுவேனா. ஆனால் இந்திய லைசென்ஸ் இங்கே ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். பிறகு பாலபாடத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பதினெட்டு வயதுப் பையன்களோடு வரிசையில் நின்று எல் போர்டு வாங்கினேன்.

முதலில் கணிப்பொறியில் ஒரு பரீட்சை. ரோட்டு வீடியோ ஓடும், ஆபத்து வருவது தெரிந்தால் பட்டனை அமுக்க வேண்டும். மலைப்பாதையில் ஓட்டியவன் கண்ணுக்கு எல்லாமே ஆபத்துதான். நாய் தலை தூக்கியது, அமுக்கினேன். கிழவர் ஒருவர் வேலியோரம் யோசித்துக்கொண்டு நின்றார், அமுக்கினேன். ஒரு வீட்டுக் கதவு சும்மா மூடியிருந்தது, அதையும் நம்பாமல் அமுக்கினேன். அளவுக்கு மேல் அமுக்கியதால் ஏமாற்றுகிறேன் என்று முடிவு செய்து கணிப்பொறி பூஜ்யம் போட்டது. கண் முன்னே வருவதில் பாதியைக் கண்டுகொள்ளாமல் விடக் கற்றுக்கொண்ட பிறகு தேறினேன்.

ஓட்டுகிற பரீட்சை அதைவிட மோசம். நான்கு முறை தோற்றேன். முதல் முறை, வளைவுக்கு வளைவு ஹார்ன் அடித்தேன் என்று. இரண்டாம் முறை, இறக்கத்தில் நியூட்ரலில் விட்டேன் என்று. மலையில் டீசல் மிச்சம் பிடிப்பவனின் கை அது, தானாகப் போகும். மூன்றாவது, எதிரே வந்த வண்டிக்காரனிடம் ஜன்னல் வழியே கை நீட்டிப் போகச் சொன்னேன் என்று. நான்காவது, எல்லாவற்றுக்கும் பயந்து அங்கேயே நின்றுவிட்டேன் என்று.

ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் மோரீன். அறுபதைத் தாண்டியவள், வாயில் எப்போதும் ஒரு புதினா மிட்டாய். சிவப்புக் கார் அவளுடையது. அவள் பேச்சிலும் ஃபுட்டுக்குக் குறைவில்லை.

ஒருமுறை ஆலையில் ஒரு கூட்டாளி புத்தி சொன்னான். மேஸ்திரி ஓவர்டைமுக்குக் கூப்பிட்டால் பல்லைக் காட்டாதே, ‘புட் யுவர் ஃபுட் டவுன்’ என்று. ஃபுட்டைக் கீழே வை என்றால், முடியாது என்று அடித்துச் சொல் என்று அர்த்தம். நோட்டில் எழுதியும் ஆயிற்று. அடுத்த வாரமே மோரீன் என்னைப் பெரிய ரோட்டுக்குக் கூட்டிப்போனாள். எல்லாரும் அறுபது மைலில் போகிற ரோடு. நான் இருபத்தைந்தில் போனேன். பின்னால் லாரிகள் வரிசை கட்டின. “புட் யுவர் ஃபுட் டவுன், கோவிந்த்” என்றாள்.

“நோ, மோரீன்” என்றேன்.

திகைத்துப் பார்த்தாள். “புட் இட் டவுன்” என்றாள் மறுபடி.

“நோ, மோரீன். ஐ வில் நாட்.” இன்னும் உறுதியாகச் சொன்னேன். நல்ல மனுஷி, நான் தைரியமாகப் பேசிப் பழகுவதற்கு இடம் கொடுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். லாரிக்காரன் ஹார்ன் அடித்தான். அவள் குனிந்து என் வலது முழங்காலை, அதாவது ஆரோக்கியமானது என்று சான்றிதழ் பெற்ற அதே முழங்காலை, கையால் கீழே அழுத்தினாள். கார் பாய்ந்தது. வண்டியில் உட்கார்ந்து சொன்னால் அதற்கு வேகமாகப் போ என்று அர்த்தமாம்.

5

ஐந்தாவது பரீட்சை ஒரு திங்கட்கிழமை. வேன் வேலைக்கு வேறு ஆளைப் பார்ப்பதாக ஆலையில் சொல்லிவிட்டார்கள், அதுதான் கடைசி வாய்ப்பு. அதற்கு முந்தைய ஞாயிறு காலையில் எனக்குக் கை நடுங்கியது. இட்லி இறங்கவில்லை. பரீட்சையே வேண்டாம், ரத்து செய்துவிடலாம் என்று போனை எடுத்தேன். லக்கி போனைப் பிடுங்கி, எனக்கு ‘கோல்டு ஃபீட்’ வந்துவிட்டது என்றாள். ஃபீட் என்பது ஃபுட்டின் பன்மை. கோல்டு ஃபீட் என்றால் கடைசி நேரத்தில் வருகிற உதறல். கல்யாணத்துக்கு முதல் நாள் மாப்பிள்ளைக்கு வருவது போல.

பதினொன்றரைக்கு மோரீன் வந்து என்னை அள்ளிக்கொண்டு போனாள். போனை மேஜையிலேயே விட்டுவிட்டேன். சரளா வார்டில் டியூட்டி. டியூட்டியில் போனைத் தொட முடியாது. பன்னிரண்டு மணிக்கு லக்கி வழக்கம்போல என் போனில் அண்ணனை அழைத்தாள்.

அந்தப் பேச்சை என்னால் எழுத்துக்கு எழுத்து எழுத முடியும். அண்ணன் போனில் எல்லா அழைப்பும் தானாகப் பதிவாகிவிடும். இப்போது அது ஊரிலுள்ள எல்லார் போனிலும் இருக்கிறது.

“சாப்ட்டிங்களா பெரியப்பா?”

“இன்னும் இல்ல பாப்பா. அவன் இருக்கானா?”

“இல்ல பெரியப்பா. அப்பாவுக்கு நாளைக்கு டெஸ்ட். பெரிய டெஸ்ட். ஏற்கெனவே நாலு வாட்டி ஃபெயில் ஆயிடுச்சு.”

இங்கே அண்ணன் மூச்சை இழுக்கிற சத்தம் கேட்கிறது.

“எங்ககிட்ட ஒருத்தரும் சொல்லலியே பாப்பா.”

“அப்பா யாருக்கும் சொல்லாதன்னாரு. இந்த வாட்டியும் ஃபெயில் ஆனா அவ்ளோதான்னு அம்மா சொன்னாங்க.”

“இப்ப எப்படி இருக்கான்?”

இந்த இடத்தில் லக்கி கொஞ்சம் யோசிக்கிறாள். ஆங்கிலம் கலக்கக் கூடாதே. டெஸ்டும் ஃபெயிலும் அண்ணன் கணக்கில் தமிழ்தான், இது அப்படியில்லை. பிறகு தெளிவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்கிறாள்.

“காலைல இருந்து அப்பாவுக்குக் கால் ரெண்டும் சில்லுன்னு ஆயிடுச்சு பெரியப்பா. கை வேற நடுங்குது. சாப்பாடு எறங்கல. அப்புறம் ஒருத்தங்க வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க.”

“உங்கம்மா எங்க?”

“ஆஸ்பத்திரில.”

“எப்பம்மா வருவான் அவன்?”

“தெரியல பெரியப்பா. இனிமே அப்பா வந்து...”

அத்தோடு டவர் போய்விட்டது. இனிமேல் அப்பா வந்து சொல்வார் என்று முடிக்க வந்தாளாம். அது அண்ணனுக்குத் தெரியாது. எங்கள் பக்கத்தில் ஒருவர் படுத்துவிட்டால், வந்து பார்க்கிறவர்கள் முதலில் காலைத்தான் தொட்டுப் பார்ப்பார்கள். கால் சில்லென்றாகிவிட்டது என்றால் சொந்தக்காரர்களுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும் என்று பொருள். அதற்கு வேறு பொருளே கிடையாது.

லக்கி போனை மேஜையில் வைத்துவிட்டு நூடுல்ஸ் செய்து சாப்பிட்டாள். பிறகு காதில் பாட்டை மாட்டிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

6

அண்ணன் புளியமரத்தடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். “தம்பி பூட்டான்” என்பதைத் தவிர ஒன்றும் சொல்லவில்லை. அரை மணி நேரத்தில் ஊர் கூடிவிட்டது. தங்கவேல் மூன்று ஜீப்புகளைச் சொந்தக்காரர்களை அழைத்துவர அனுப்பினான். மேளக்காரர்களுக்குச் சொல்லியாகிவிட்டது. அமிர்தியில் கட்டிக்கொடுத்த எங்கள் அக்கா, மாட்டில் பால் கறக்காமல் அப்படியே விட்டுவிட்டு அழுதுகொண்டே பஸ் ஏறியிருக்கிறாள். பிறகு வேலூர் பஸ் நிலையத்தில் வைத்து, நான் சாகவில்லை என்று அவளுக்குச் சொன்னபோது, “இத மொதல்லியே சொல்றதுக்கு இன்னா” என்று கோபித்துக்கொண்டாள்.

பிணம் எப்படி வரும் என்று ஒரு பக்கம் விவாதம் நடந்திருக்கிறது. விவரம் தெரிந்த ஒருவர், அந்த நாட்டில் பெட்டியில் போட்டு அனுப்ப மூன்று மாதம் ஆகும், அதற்கும் விண்ணப்பம் போட வேண்டும் என்றிருக்கிறார். என் விஷயத்தில் யாரும் அதைச் சந்தேகப்படவில்லை.

அண்ணன் அப்போதுதான் வாய் திறந்தாராம். அவர் சொன்னது, தங்கவேல் என்னிடம் சொன்னபடி: “காடு வரைக்கும் வரலன்னுதானே அவன்கிட்ட பேசாம இருந்தேன். இப்ப அவன் காட்டுக்கு நான் எப்பிடிடா போவேன். அந்த ஊர்ல காடு எங்க இருக்குதுன்னுகூட எனக்குத் தெரியாதே.” சொல்லிவிட்டு மண்ணில் கையை அடித்துக்கொண்டு அழுதிருக்கிறார். அப்பா செத்தபோதுகூட அவர் அழவில்லை.

இதெல்லாம் தெரியாமல், பாடம் முடிந்து, மோரீன் வீட்டில் டீ குடித்து, கொஞ்சம் தைரியம் வந்து மூன்றரை மணிக்கு நான் வீட்டுக்கு வந்தேன். மேஜையில் போன் அதிர்ந்து அதிர்ந்து விளிம்புக்கே வந்திருந்தது. வாட்ஸப்பைத் திறந்தேன். முதல் படத்தில் நான் இருந்தேன். சுற்றிலும் ரோஜாப்பூ, மேலே இரண்டு புறா, கீழே மெழுகுவர்த்தி. ‘கண்ணீர் அஞ்சலி. உயர்திரு கோவிந்தன், லண்டன். வயது 52.’

நான் லண்டனில் இருந்ததே இல்லை. எனக்கு வயது நாற்பத்தாறு. ஜீப்பில் சாய்ந்து நான் எடுத்துக்கொண்ட நல்ல படம் அது, ஜீப்பை வெட்டிவிட்டு என்னை மட்டும் வைத்திருந்தார்கள். எனக்கு முதலில் கோபம் வந்தது வயதைப் பார்த்துத்தான் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

“லக்கி, பெரியப்பாகிட்ட இன்னா சொன்ன?”

சொன்னாள். கேட்கக் கேட்க எனக்குப் புரிந்தது. புரிந்ததை அவளுக்குச் சொன்னபோது அவள் முகம் வெளுத்துவிட்டது.

தங்கவேலின் சிம்முக்கு மட்டும் அந்தப் புளியமரத்தடியில் நெட் எடுக்கும். அவனுக்கு வீடியோ கால் போட்டேன். எடுத்தான். என் முகத்தைப் பார்த்தான். போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்கு நடுவே நடந்தான். மேளம் ஒவ்வொன்றாக நின்றது. அண்ணன் முகத்துக்கு நேரே போனை நீட்டினான்.

அண்ணன் வெகு நேரம் பார்த்தார். கண் வீங்கியிருந்தது. பிறகு என் தோளுக்குப் பின்னால் நின்ற லக்கியைப் பார்த்து, “பாப்பா, அவன் உயிரோட இருக்கானான்னு கேட்டு சொல்லு” என்றார்.

லக்கி என்னை முன்னால் தள்ளினாள். “இருக்கேண்ணா” என்றேன் நான்.

அவர் நம்பவில்லை. யாரோ பின்னாலிருந்து, இப்போதெல்லாம் செத்தவர்களையும் பேச வைக்கிற மாதிரி வீடியோ செய்கிறார்கள் என்று சொன்னது எனக்குக் கேட்டது. அண்ணன் இன்னும் கிட்டே வந்தார். திரை முழுக்க அவர் கண்.

“கால காட்டுறா” என்றார்.

நான்கு வருடத்துக்குப் பிறகு என்னிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது. போனைக் கீழே இறக்கிக் காட்டினேன். கம்பளி சாக்ஸ் போட்டிருந்தேன்.

“அத்த கழட்டு.”

கழற்றினேன். சமையலறைத் தரை உண்மையிலேயே சில்லென்றிருந்தது. எனக்கு இடது கால் சுண்டுவிரல் கொஞ்சம் கோணல். சின்ன வயதில் அண்ணன் மண்வெட்டி பட்டு வளைந்தது. அப்பாவுக்குத் தெரியக் கூடாதென்று அவரே என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடி, பச்சிலை வைத்துக் கட்டினார். அந்த விரலை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் அதை மேலும் கீழும் ஆட்டினேன்.

“எரும” என்றார். “கோட்டான்” என்றார். அதற்கப்புறம் சொன்னதெல்லாம் எழுதத் தகாது. நாற்பது நிமிடம் திட்டினார். நான் உம் கொட்டிக்கொண்டே இருந்தேன். நடுவில் ஒரு இடத்தில், “சாப்ட்டியா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் மறுபடி திட்டினார்.

மறுநாள் பரீட்சையில் தேறினேன். ஊர் கூடி அழுது முடித்த மனிதனுக்குப் பக்கத்தில் ஒரு பரீட்சை அதிகாரி உட்கார்ந்திருப்பது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. ஒரே ஒரு வளைவில் மட்டும் ஹார்ன் அடித்தேன். அதைக் குறித்துக்கொண்டு மன்னித்துவிட்டார்.

7

எல்லாருக்கும் நல்லபடியாக முடிந்தது, லக்கிக்கு மட்டும் முடியவில்லை.

அவள் குரல் பதிவு மலை முழுக்கப் போய்விட்டது. சித்தப்பா மகன் ஒருவன் “கால் ரெண்டும் சில்லுன்னு ஆயிடுச்சு பெரியப்பா” என்பதை ரிங்டோனாக வைத்துக்கொண்டான். கேலிக்காகச் செய்தார்களே தவிர யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் பதின்மூன்று வயதில் அந்த வித்தியாசம் புரியாது. தன்னால்தான் பெரியப்பா அப்படி அழுதார் என்பதும் அவளுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு போனை எடுத்து, “ஹலோ அங்கிள், ஹவ் ஆர் யூ” என்றாள். போனை என்னிடம் கொடுத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். நோட்டும் எங்கோ மறைந்துவிட்டது. வீட்டில் நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வந்தது. “ஐ டோன்ட் வான்ட் டு கில் எனிபடி எல்ஸ்” என்றாள் சரளாவிடம். இன்னொருவரைக் கொல்ல விருப்பமில்லையாம்.

ஐந்து வாரம் இப்படிப் போயிற்று. இப்போது அண்ணனும் நானும் பேசுகிறோம். அவர் என்னிடம், “பாப்பா இருக்குதா?” என்பார். “இருக்குது” என்பேன். “சரி” என்பார். நானும் அவரும் பேசாத காலத்தில் எங்களுக்கு இருந்த பேச்சு போய்விட்டது.

ஒருநாள் அண்ணன் கேட்டார். “அந்த இங்கிலீஷ் கால் சமாச்சாரம் இன்னும் இன்னா இன்னா இருக்குதுடா? எனக்கு ஒண்ணு சொல்லிக் குடு.”

‘மை ஃபுட்’ சொல்லிக்கொடுத்தேன். என் பாதம் என்று நேர் அர்த்தம். யாராவது நம்ப முடியாததைச் சொன்னால், போடா, இதை நான் நம்ப வேண்டுமா என்று சொல்வதற்கு. திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். “மை புட்டு” என்றுதான் வந்தது.

அதற்கடுத்த ஞாயிறு அவர் சொன்ன கதை நடந்ததா, கட்டியதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தங்கவேலைக் கேட்டால் சிரிக்கிறான்.

ஸ்பீக்கரில் போடச் சொன்னார். லக்கி மாடிப்படியில் உட்கார்ந்து தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்காதது போல முகம்.

“நம்மூருக்கு பஸ் வுட்றது பத்தி கேக்க கீழ ஆபீசுக்குப் போனன்டா. அடுத்த வாரத்துலருந்து தினம் மூணு நடை வரும்னாரு ஆபீசரு. எத்தினி வருசமா இதயே சொல்றாங்க. நானு நிமிந்து நின்னு, மை புட்டுன்னேன்.”

“அய்யோ” என்றேன்.

“அவரு என் காலப் பாத்தாரு. செருப்பு வேற போடல. வெடிப்பு எப்படி இருக்கும்னு உனக்குத்தான் தெரியுமே. இன்னாய்யா ஆச்சு காலுக்குன்னாரு. மை புட்டு, மை புட்டுன்னேன் மறுபடி. பாவம், நல்ல மனுசன். சேர இழுத்துப் போட்டு ஒக்கார வெச்சிட்டாரு. ஆபீஸ் ஜீப்புலயே என்ன ஏத்தி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டாரு. நான் வேணாம் வேணாம்ன்றேன், யாரும் கேக்கல. அங்க நர்சம்மா, எங்க வலிக்குதுன்றாங்க. வலியே இல்லம்மான்னா, வலியே தெரியலன்னா அதுதான் ரொம்ப மோசம்ன்றாங்க. எதுக்கும் இருக்கட்டும்னு ஒரு ஊசி போட்டாங்க.”

மாடிப்படியில் ஏதோ ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தேன். லக்கி வாயைக் கையால் மூடிக்கொண்டிருந்தாள், தோள் குலுங்கியது. இறங்கி வந்து என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

“பெரியப்பா,” என்றாள் தமிழில். “ஊசி கையில போட்டாங்களா, கால்லயா?”

அந்தப் பக்கம் அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“ரெண்டுலயும் இல்ல பாப்பா. அதான் நின்னுக்கினே பேசறேன்.”